அரியர் இல்லாத ஆலோசகர்

சுகுணாவுக்குக் கல்லூரியில் பத்துப் பொறுப்புகள் இருந்தன. இயந்திரவியல் துறையில் பாடம் நடத்துவது அவற்றில் ஒன்று. ராகிங் தடுப்பு, ரத்த தானம், மகளிர் பிரிவு, கோலப் போட்டி, குடிநீர்த் தொட்டி கண்காணிப்பு என்று மற்ற ஒன்பதும் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் வகுப்புக்குப் போவாள். பதினோராவது பொறுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முதல்வர் அறையில் காத்திருந்தது.

கல்லூரி சூளகிரி தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருந்தது. தாளாளர் முனிவேல் முன்பு அந்த இடத்தில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்த்தவர். ரோஜாவைவிடப் பொறியியலுக்குக் கிராக்கி கூடிய ஒரு வருடத்தில் குடிலைப் பிரித்துவிட்டுக் கட்டடம் எழுப்பினார். ரோஜாவுக்குத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட வேண்டும். மாணவர்கள் தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிடுகிறார்கள்.

முதல்வர் பாஸ்கரன் மேசைமேல் ஒரு தாளை நகர்த்தினார்.

“சுகுணா மேடம், இன்னும் ஆறு வாரத்துல இன்ஸ்பெக்‌ஷன். செக்லிஸ்ட்ல நாப்பத்தி மூணாவது பாயின்ட் பாருங்க. ஸ்டூடன்ட் பியர் அட்வைசர். நம்மகிட்ட இருக்காங்களா?”

“அப்படின்னா என்ன சார்?”

“எனக்கும் சரியா தெரியல. ஆனா இருக்கணும்.”

சுகுணா தாளை வாங்கிப் படித்தாள். மாணவர்கள் தங்கள் கஷ்டத்தை மனம்விட்டுப் பேச, மாணவர்களிலேயே ஒருவரை ஆலோசகராக நியமிக்க வேண்டும் என்று இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. செக்லிஸ்டில் நூற்றிருபது வரிகள் இருந்தன. மனிதர்கள் எழுதியது போல இருந்தது அந்த ஒரு வரிதான்.

மறுநாள் தேர்வுக் குழு கூடியது. பாஸ்கரன், வேலைவாய்ப்பு அதிகாரி வெங்கட், சுகுணா. ஆலோசகருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்பதே பேச்சு.

“பொறுமையா கேக்கத் தெரிஞ்சிருக்கணும்” என்றாள் சுகுணா. “கேட்டத வெளிய சொல்லக் கூடாது. ஒரு தடவையாவது கீழ விழுந்து எழுந்த பிள்ளையா இருந்தா இன்னும் நல்லது.”

வெங்கட் பேனாவை மூடினார். “மேடம், ஃபெயிலானவனையா கொண்டு வந்து போர்டுல போடறது? அப்பறம் நம்ம ரிசல்ட் என்னாவும்?”

சுகுணா சொன்ன மூன்றையும் ‘விரும்பத்தக்க தகுதிகள்’ என்ற தலைப்பில் கடைசியில் சேர்ப்பதாக பாஸ்கரன் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். கட்டாயத் தகுதிகளை அவரும் வெங்கட்டும் அரை மணி நேரத்தில் முடித்தார்கள். எந்தப் பாடத்திலும் அரியர் இருக்கக் கூடாது. மதிப்பெண் சராசரி பத்துக்கு எட்டரைக்கு மேல். ஆங்கிலம் சரளமாக வர வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு பேசத் தெரிந்தால் நல்லது. தோற்றம் நேர்த்தியாக இருக்க வேண்டும். தட்டச்சு செய்த பிறகு இடம் போதாததால் விரும்பத்தக்க தகுதிகள் நீக்கப்பட்டன.

அறிவிப்பின் கடைசி வரியில், தேர்வானவருக்கு வாரம் நான்கு மணி நேரம் ஓ.டி. உண்டு என்று போட்டிருந்தது. ஓ.டி. என்றால் வகுப்பில் இல்லாமலேயே இருந்ததாக வருகைப் பதிவு கிடைக்கும். மற்றவர்களின் துயரத்தில் பங்குகொள்ள நாற்பத்தோரு பேர் விண்ணப்பித்தார்கள்.

நேர்காணல் வெள்ளிக்கிழமை நடந்தது. முதலில் வந்தவனிடம், இந்தப் பொறுப்புக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று வெங்கட் கேட்டார். “ஓ.டி. சார்” என்றான். அன்று முழுவதும் கேட்ட பதில்களில் கலப்படமில்லாதது அதுதான். அவனை உடனே வெளியே அனுப்பினார்கள். அத்திப்பள்ளியிலிருந்து வரும் இன்னொருவன், தன்னால் மூன்று மொழியிலும் ஆலோசனை சொல்ல முடியும் என்றான். சொல்லிக் காட்டச் சொன்னார்கள். மூன்று மொழியிலும் ‘கவலைப்படாதே’ என்றான். அதற்கு மேல் ஒரு மொழியிலும் ஒன்றும் வரவில்லை.

மூன்றாமாண்டு நவீன்குமார் ஒரு கோப்போடு வந்தான். காவேரிப்பட்டினத்துப் பையன். நான்கு செமஸ்டரிலும் அவன்தான் முதலிடம். சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“ஒரு பையன் வந்து, எனக்குக் காலேஜுக்கு வரவே பிடிக்கலன்னு சொல்றான். என்ன பண்ணுவ?” என்று கேட்டார் பாஸ்கரன்.

நவீன்குமார் விரல் மடக்கி ஏழு வழிகள் சொன்னான். எல்லாம் ஆங்கிலத்தில். முதல் வழி தன்னம்பிக்கை, ஏழாவது வழி அதிகத் தன்னம்பிக்கை. வெங்கட்டின் முகம் மலர்ந்துவிட்டது.

கடைசியாக வந்தவள் வீரலட்சுமி. நான்காமாண்டு. அவள் அப்பா மாடசாமி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, கிருஷ்ணகிரியில் குடியிருந்துகொண்டு ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர். விண்ணப்பத்தில் அரியர் என்ற இடத்தில் மற்றவர்கள் கோடு போட்டிருந்தார்கள். இவள் ‘நான்கு’ என்று எழுத்தால் எழுதியிருந்தாள். அந்த விண்ணப்பம் நியாயப்படி குப்பைக்குப் போக வேண்டியது. முதலாண்டுப் பெண்கள் எதற்கெடுத்தாலும் ‘வீரா அக்காகிட்ட கேட்டுக்கறோம்’ என்று சொல்வதைச் சுகுணா மகளிர் பிரிவில் பலமுறை கேட்டிருந்தாள். அதனால் யாரிடமும் சொல்லாமல் பட்டியலில் சேர்த்திருந்தாள்.

பாஸ்கரன் அதே கேள்வியைக் கேட்டார்.

“எந்த பஸ்ல வாறன்னு கேப்பேன் சார்” என்றாள் வீரலட்சுமி.

“பஸ்ஸா?”

“ஆமா சார். காலேஜ்ல எங்க நின்னாலும் கேமரா இருக்கு. பஸ்ஸுல ஒரு மணி நேரம் போணும். பக்கத்துல போய் உக்காந்தா அவனே பேசுவான்.”

“சரி, நீ என்ன சொல்லுவ?”

“நான் எதுக்கு சார் சொல்லணும்? பேச வந்தது அவன்.”

வெங்கட் தன் தாளில் ‘தகவல் தொடர்புத் திறன் குறைவு’ என்று எழுதினார். பிறகுதான் அரியர் கட்டத்தைப் பார்த்தார். இனி எதுவும் எழுதத் தேவையில்லை என்பதுபோல் தாளைக் கவிழ்த்து வைத்தார். சுகுணா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “விதின்னா விதிதான் மேடம்” என்று பாஸ்கரன் முடித்துவிட்டார். அவளும் சரியென்று கையெழுத்துப் போட்டாள்.

நவீன்குமார் ஆலோசகரானான். முதல்வர் அறைக்கு அடுத்து, பழைய ஜெராக்ஸ் மெஷின் கிடந்த அறையை அவனுக்குக் கொடுத்தார்கள். வாசலில் ‘இங்கே நீங்கள் சொல்வது ரகசியம்’ என்று பலகை வைத்தார்கள். பலகைக்கு நேர் மேலே ஒரு கேமரா. உள்ளே பெரிய பதிவேடு. பெயர், வரிசை எண், பெற்றோர் கைபேசி எண், பிரச்சினை, தீர்வு, கையொப்பம் என்று ஆறு கட்டங்கள். ரகசியம் தவறிப்போகாமலிருக்கப் பதிவேடு தினமும் மாலை அலுவலகத்துக்குப் போய், சுகுணாவின் கையெழுத்து வாங்கித் திரும்பி வரும்.

இரண்டு வாரம் ஒருவரும் வரவில்லை. நவீன்குமார் அங்கே உட்கார்ந்து அடுத்த செமஸ்டர் பாடத்தைப் படித்து முடித்தான். பதிவேடு காலியாக இருப்பதைப் பார்த்து பாஸ்கரனுக்கு வியர்த்தது. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் வாரம் இரண்டு பேர் கட்டாயம் பிரச்சினையோடு ஆலோசகரைச் சந்திக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வகுப்புத் தலைவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆள் அனுப்பினார்கள்.

வந்தவர்கள் மின்விசிறி ஓடவில்லை என்றார்கள், கேன்டீன் சாம்பாரில் பருப்பு இல்லை என்றார்கள். ஒருவன் தனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னான். நவீன்குமார் அதையும் பதிந்தான். பிரச்சினை: இல்லை. தீர்வு: தொடர்ந்து இவ்வாறே இருக்க அறிவுறுத்தப்பட்டது. சுகுணா தினமும் மாலையில் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் நாளுக்குப் பிறகு அவள் படிப்பதை நிறுத்திவிட்டாள்.

நான்காவது வாரம், சீட்டு விழுந்து வந்தவர்களில் சரிதாவும் ஒருத்தி. முதலாண்டு. காவேரிப்பட்டினம் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு வந்தவள். பலகையை நம்பிய ஒரே ஆள் அவள்தான். கணக்கு வகுப்பில் ஒரு வார்த்தையும் புரியவில்லை, தினமும் அழுகை வருகிறது, நின்றுவிடலாமா என்று தோன்றுகிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். நவீன்குமார் கவனமாகக் கேட்டு, பிரச்சினைக் கட்டத்தில் ‘படிப்பை நிறுத்த எண்ணம்’ என்றும் தீர்வுக் கட்டத்தில் ‘தன்னம்பிக்கை வளர்க்க அறிவுறுத்தப்பட்டது’ என்றும் எழுதினான். பிறகு ஏழு வழிகளையும் சொல்லி அனுப்பினான்.

அன்று மாலை பதிவேடு அலுவலகம் போனது. சுகுணா கையெழுத்துப் போட்டாள். பெற்றோர் எண் என்று ஒரு கட்டம் இருந்தால் அதை வீணாக்கக் கூடாது என்று நினைக்கும் எழுத்தர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் சரிதாவின் அப்பாவுக்குப் போன் போட்டு, “உங்க பொண்ணுக்கு ஒரு பிரச்சினை, காலேஜ்ல பதிவாகியிருக்கு” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவள் அப்பா வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வகுப்பு வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டார், பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார், அழைத்துக்கொண்டு போனார். முதல் மாடியிலிருந்து நவீன்குமார் அதைப் பார்த்தான்.

மதியம் அவன் சுகுணாவின் மேசைக்கு வந்து நின்றான். முதல் முறையாக அவன் சட்டை கசங்கியிருந்தது.

“மேடம், அந்தப் பொண்ணு எங்கிட்ட சொன்னத யாரு வெளிய சொன்னது?”

“எந்தப் பொண்ணு?”

அவன் பதிவேட்டைத் திறந்து காட்டினான். சரிதாவின் வரிக்குக் கீழே, அழகாகச் சாய்ந்து, சுகுணாவின் கையெழுத்து இருந்தது. அவள் அந்த வரியை அப்போதுதான் முதல் முறையாகப் படித்தாள். வெளியே விட்டது வேறு யாருமில்லை, தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராக பாஸ்கரனிடம் போனாள்.

“சார், இதுல இருக்கறத இனிமே யாரும் பாக்கக் கூடாது. நான் என் பீரோவுல வெச்சுப் பூட்டறன்.”

“பாக்காம இன்ஸ்பெக்‌ஷன் டீம் எப்படி மேடம் மார்க் போடுவாங்க?”

“ஒரு பொண்ணு படிப்ப விட்டுப் போயிட்டா சார்.”

பாஸ்கரன் உண்மையிலேயே வருந்தினார். “அதையும் பதிவு பண்ணிட்டீங்களா?” என்று கேட்டார்.

சுகுணா திரும்பி வந்து பதிவேட்டை பீரோவில் வைத்துப் பூட்டினாள். சனிக்கிழமை கல்லூரி அரை நாள். விட்டதும் காவேரிப்பட்டினம் போகும் ஏழாம் எண் கல்லூரிப் பேருந்தில் ஏறினாள். வழக்கமாக ஓட்டுநருக்குப் பின்னால் உட்காரும் நவீன்குமார் கடைசி வரிசையில் இருந்தான். அவன் பக்கத்தில் வீரலட்சுமி. அவன் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான், அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

சுகுணா அருகே போனதும் அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

“எங்க போறீங்க மேடம்?” என்று கேட்டாள் வீரலட்சுமி.

“சரிதா வீட்டுக்கு.”

“நாங்களும் அங்கதான். உக்காருங்க.”

சுகுணா அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆலோசனைக் கூடம் என்று யாரும் பெயர் வைக்காததால் அந்தக் கடைசி வரிசையில் இருக்கை கிழிந்திருந்தது. முன்வரிசையில் முதலாண்டுப் பெண்கள் இரண்டு பேர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் இறங்கிவிட்டால் அக்காவிடம் பேசலாம் என்று அவர்கள் காத்திருப்பது சுகுணாவுக்குப் புரிந்தது.

சரிதாவின் வீடு ஊருக்கு வெளியே, மாந்தோப்பை ஒட்டி இருந்தது. அவள் அப்பா அன்புமணி மரத்தடியில் கூடை கட்டிக்கொண்டிருந்தார். கல்லூரி என்று சொன்னதும் எழுந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“இன்னும் இன்னா பிரச்சன மேடம் பாக்கி இருக்குது? அதான் கூட்டியாந்துட்டனே. ஓசூர்ல செல்போன் கம்பெனில ஆளு எடுக்கறாங்களாம். திங்கக்கெழம கூட்டினு போறன்.”

“அவ உங்ககிட்ட என்ன பிரச்சினைன்னு சொன்னாளா?”

“நான் எங்க கேட்டன்? பொண்ணுக்குப் பிரச்சன, காலேஜ்ல பதிவாயிடுச்சின்னு போன்ல சொன்னா, பெத்தவன் இன்னா நெனப்பான்? எந்தப் பையன்னு கேக்கவே எனக்கு வாய் வர்ல.”

சுகுணாவுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் கண் கலங்கியது. “பையனெல்லாம் இல்லைங்க. அவளுக்குக் கணக்கு புரியல. இங்கிலீஷ்ல நடத்தறது புரியல. அவ்வளவுதான்.”

அன்புமணி கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். “இதுக்கா?”

“இதுக்குத்தான். அந்த நோட்டுல கையெழுத்துப் போட்டது நான். படிக்காமப் போட்டன். தப்பு என்னோடது.”

ஒரு கல்லூரி ஆசிரியர் தன் முன்னால் நின்று தப்பு என்று சொல்வதை அவர் எதிர்பார்க்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, “சரிதா, வந்தவங்களுக்குத் தண்ணி குடு” என்று குரல் கொடுத்தார்.

சரிதா சொம்போடு வந்தாள். நவீன்குமாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் தலை குனிந்தான். ஏழு வழிகளில் ஒன்றும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

“எனக்கு நாலு அரியர் இருக்குப்பா” என்றாள் வீரலட்சுமி, அன்புமணியைப் பார்த்து. “அதுல ரெண்டு கணக்குதான்.”

“இத வேற பெருமையா சொல்றியாம்மா?”

“பெருமை இல்லப்பா. மறைக்கல, அவ்வளவுதான்.” அவள் சரிதாவிடம் திரும்பினாள். “நீ சொல்லு புள்ள. வரணுமா, வேண்டாமா? வேண்டாம்னா தைரியமா வேண்டாம்னு சொல்லு. நாங்க மாங்கா தின்னுட்டுக் கெளம்பிருவோம்.”

சரிதா வெகுநேரம் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. நவீன்குமாருக்கு அந்த மௌனம் தாங்கவில்லை, வாயைத் திறக்கப் போனான். வீரலட்சுமி அவன் காலை மிதித்தாள்.

“வரணும்க்கா” என்றாள் சரிதா. “ஆனா சார் ‘யூ ஆல் நோ திஸ்’னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடறாரு. எனக்கு அந்த ‘திஸ்’தான் தெரியல.”

“அத நான் சொல்லித் தர்றன்” என்றான் நவீன்குமார் மெதுவாக. “தமிழ்லயே.”

அன்புமணி மகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய சந்தேகம் ஒரு நொடி தலைதூக்கியது. பிறகு சுகுணாவிடம், “இந்த மேடமும் கூட இருப்பாங்கன்னா சரி” என்றார். திங்கட்கிழமை சரிதா கல்லூரிக்கு வந்தாள்.

ஆய்வுக் குழு வருவதற்குள் வேறொரு பதிவேடு தேவைப்பட்டது. பழையதின் சாவியைச் சுகுணா கொடுக்கவில்லை. வெங்கட் ஒரே மதியத்தில் வகுப்புத் தலைவர்களை உட்காரவைத்து நூற்று நாற்பது பிரச்சினைகளை உண்டாக்கித் தீர்த்தும் வைத்தார். மனித குலம் இவ்வளவு வேகமாக நிம்மதி அடைந்ததில்லை.

குழுத் தலைவராக வந்தவர் வேறொரு மாவட்டத்துக் கல்லூரி முதல்வர். ஜெராக்ஸ் அறையில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார். நூற்று நாற்பது கையொப்பங்களும் ஒரே பச்சை மையில் இருந்தன.

“இத்தனை பேர் பிரச்சினையையும் நீயா தம்பி தீத்து வெச்ச?”

பாஸ்கரன், வெங்கட் இருவரும் நவீன்குமாரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆமாம் என்ற ஒரு சொல்தான் தேவை.

“இல்ல சார்” என்றான் நவீன்குமார். “ஒண்ணுகூடத் தீக்கல. நெஜமான பிரச்சினையோட ஒரே ஒரு பொண்ணுதான் வந்துச்சு. அதுக்கும் என்னால கெட்டதுதான் நடந்துச்சு. வேற ஒருத்தங்கதான் சரி பண்ணாங்க.”

குழுத் தலைவர் பதிவேட்டை மெல்ல மூடினார். நவீன்குமாரின் தோளைத் தட்டினார்.

“எங்க காலேஜ்லயும் இப்படித்தான் தம்பி. நாங்க ரெண்டு கலர் மை யூஸ் பண்ணுவோம்.”

பிறகு எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். நாற்பத்து மூன்றாவது வரிக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அடுத்த வாரம் நவீன்குமாரை, படிப்பில் கவனம் செலுத்த வேண்டிய அவசியம் கருதி, பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள். புதிய ஆலோசகருக்கான தேர்வுக் குழுவில் சுகுணாவின் பெயரைப் போட்டு பாஸ்கரன் கடிதம் அனுப்பினார்.

சுகுணா அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினாள். பதினோரு வருட வேலையில் அவள் திருப்பி அனுப்பிய முதல் கடிதம் அது. கூடவே ஒரு குறிப்பு எழுதினாள். நேர்காணல் வேண்டாம், முதலாண்டு மாணவர்களுக்குத் துண்டுச் சீட்டு கொடுத்து, மனசு சரியில்லாதபோது யாரிடம் போகிறீர்கள் என்று பெயரில்லாமல் எழுதச் சொன்னால் போதும், பதிவேடு வைக்கக் கூடாது. பாஸ்கரன் ஓரத்தில் ‘நல்ல யோசனை, பரிசீலிக்கலாம்’ என்று எழுதி, பரிசீலிக்க வேண்டிய கோப்புகள் சேரும் அலமாரியில் சேர்த்தார்.

சீட்டை அவளே கொடுத்துப் பார்த்தாள். அறுபது பேரில் முப்பத்தெட்டுப் பேர் வீரலட்சுமி என்று எழுதியிருந்தார்கள். ஒன்பது பேர் கேன்டீன் நஞ்சம்மா என்று எழுதியிருந்தார்கள். ஒரு பேராசிரியர் பெயரும் இல்லை. சுகுணா தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று இரண்டு முறை தேடினாள்.

வீரலட்சுமியைக் கூப்பிட்டுச் சீட்டுக்கட்டைக் காட்டியபோது, “இதுக்காக எனக்கு ரூமெல்லாம் குடுத்துராதீங்க மேடம்” என்றாள் அவள். “அப்புறம் ஒருத்தரும் வர மாட்டாங்க. முடிஞ்சா நீங்க ஒண்ணு பண்ணுங்க. எனக்குக் கணக்கு அரியர் ரெண்டு இருக்குல்லா, அத யாராவது சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும்.”

அந்த வாரத்திலிருந்து ஏழாம் எண் பேருந்தின் கடைசி இரண்டு வரிசையில் கணக்கு வகுப்பு நடந்தது. நவீன்குமார் இருக்கையில் பின்பக்கம் திரும்பி மண்டியிட்டு, நோட்டைத் தூக்கிப் பிடித்துத் தமிழில் விளக்கினான். சரிதா எதிரே இருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் அவளைவிட மூன்று வருடம் மூத்த வீரலட்சுமி. அன்புமணிக்குக் கொடுத்த வாக்குக்காக வாரத்தில் இரண்டு நாள் சுகுணாவும் ஏறிக்கொள்வாள். குருபரப்பள்ளி தாண்டும்போது நவீன்குமார் பழக்கதோஷத்தில், “இது உங்களுக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான்.

“தெரியாது” என்றாள் சரிதா, பேருந்து முழுக்கக் கேட்கும்படி.

அவன் பக்கத்தை மறுபடி பின்னுக்குத் திருப்பினான்.